மருளுக்கு யாராவது தண்ணி ஊத்துவாங்களா?

திருக்காட்டுப்பள்ளி வீட்டில், கம்ப்யூட்டர் மேஜை ஓரமாக ஒரு ஸ்னேக் பிளான்ட் வைத்திருந்தேன். காவிரியும் குடமுருட்டியும் ஓடும் ஊரில் வளர்ந்தவன் நான். செடி என்றால் தண்ணீர் என்றுதான் தெரியும். தினமும் ஒரு சொம்பு ஊற்றினேன். இரண்டே மாதத்தில் இலைகளின் அடி கூழாகி, நாற்றம் எடுத்து, சாய்ந்துவிட்டது.

அம்மா பார்த்துவிட்டு, "மருளுக்குப் போய் யாராவது தண்ணி ஊத்துவாங்களா?" என்றார். அம்மா பிறந்தது கந்தர்வகோட்டைப் பக்கம், செம்மண் மேடு. அங்கே வேலி ஓரத்தில் மருள் தானாகக் கிடக்குமாம். "இது ஆப்பிரிக்கச் செடிம்மா, மருள் இல்ல" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன். பிறகு தேடிப் பார்த்ததில், அடைக்க வேண்டியது என் வாயைத்தான் என்று புரிந்தது.

சங்கப் பாடல்களில் 'மரல்' என்று வருவது இந்த மருள்தான் என்பது அறிஞர்கள் கருத்து. வறண்ட காட்டில் மான் மென்று பசியாறும் செடி அது. அதன் நாரில் வில்நாண் திரித்தார்கள். ஆங்கிலத்தில் அதன் பெயரே 'வில்நாண் சணல்'. கோரமண்டல் கரைச் செடிகளைப் படத்தோடு பதிவு செய்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க். 1829-ல் அவர் பெயரையே மருளுக்கு வைத்தார்கள்: சான்சிவீரியா ராக்ஸ்பர்கியானா.

என் தொட்டிச் செடி மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. ஆனால் அதற்கு 'டிரைஃபேசியாட்டா' என்று பெயர் வைத்தவர் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த டேவிட் பிரெய்ன், 1903-ல், வங்காளச் செடிகள் பற்றிய நூலில்! இரண்டும் ஒரே பேரினம். சமீபத்தில் இரண்டையும் சேர்த்தே டிரசீனாவுக்கு மாற்றிவிட்டார்கள். ஆக, அம்மா சொன்னது சொந்தக்காரச் செடியைத்தான்.

தண்ணீர் விஷயத்திலும் அவர்தான் சரி. இந்தச் செடி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேர்த்து வைக்கும். அதனால் ஈரம் அதிகம் போகாது. மண் முழுசாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். தொட்டிக்கு அடியில் ஓட்டை வேண்டும், மண்ணில் மணல் கலந்திருக்க வேண்டும். நாய், பூனை இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். தின்றால் வாந்தி எடுக்கும்.

காற்றைச் சுத்தம் செய்யும் என்று வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1989-ல் வந்த நாசா ஆய்வு மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது. ஜன்னலைத் திறப்பதற்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் தேவை என்று 2019-ல் கணக்குப் போட்டார்கள். ஜன்னலையே திறந்துவிடலாம்.

அழுகாமல் மிஞ்சிய ஓர் இலையை அம்மா துண்டு போட்டு, இரண்டு நாள் காயவிட்டு, தலைகீழாகாமல் மணலில் நட்டார். சில மாதம் கழித்துக் குருத்து வந்தது. ஆனால் பழைய மஞ்சள் விளிம்பு இல்லை. இலைத்துண்டிலிருந்து முளைத்தால் அந்த விளிம்பு வராது. கிழங்கைப் பிரித்து நட்டால்தான் வரும்.

"இப்பத்தான் மருள் மாதிரி இருக்கு" என்றார் அம்மா. இந்த முறை நான் திருத்தவில்லை. சொம்பு மட்டும் அவர் கையில்.