வாய்ப்புற்றில் பாக்டீரியாக்களின் மரபணுச் செயல்பாடு: கட்டிக்கு வெளியே கிடைக்கும் சான்று

வாய்ப்புற்று நோயாளிகளின் வாயில் எந்தெந்த பாக்டீரியாக்கள் மிகுந்திருக்கின்றன என்று ஆராய்ந்த கட்டுரைகள் ஏராளம். பெரும்பாலானவை 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணுவைப் படித்து இனங்களைப் பட்டியலிடுபவை. ஃபியூசோபாக்டீரியம் பலவற்றில் தலைகாட்டினாலும், மற்ற பெயர்கள் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. இதை வைத்து, பாக்டீரியாக்களுக்கும் இந்நோய்க்கும் உறுதியான உறவில்லை என்று முடிவுகட்டுவது அவசரம். 700க்கும் மேற்பட்ட இனங்கள் குடியேறக்கூடிய வாயில் ஒரே வேலையைப் பல இனங்கள் செய்ய முடியும். மேலும், டி.என்.ஏ. செத்த செல்லிலும் எஞ்சியிருக்கும். பாக்டீரியாவின் தூது ஆர்.என்.ஏ.வோ பெரும்பாலும் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். மாதிரி எடுத்த அந்த நேரத்தில் எந்த மரபணுக்கள் இயங்கின என்பதற்கு அதுவே நேரடிச் சாட்சி. ஆகவே இனப் பட்டியலைவிட மரபணுச் செயல்பாட்டையே முதன்மைச் சான்றாகக் கொள்ள வேண்டும் என்பது என் வாதம்.

2018இல் வெளியான ஒரு மெட்டாடிரான்ஸ்கிரிப்டோம் ஆய்வு, அதாவது நுண்ணுயிர்ச் சமூகம் முழுவதன் தூது ஆர்.என்.ஏ.வையும் ஒருசேரப் படிக்கும் ஆய்வு, இதற்கு வலுச் சேர்க்கிறது. செதிள்செல் புற்றுநோயாளிகளின் கட்டிப் பரப்பையும், அதே வாயில் கட்டியில்லாத இடத்தையும், நோயற்றவர்களின் வாயையும் அது ஒப்பிட்டது. இரும்பு அயனியைக் கடத்துதல், புரதத்தைச் சிதைத்தல், டிரிப்டோபனேஸ், சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதிகளின் இயக்கம் ஆகிய செயல்கள் நோயாளிகளின் இரு இடங்களிலுமே ஓங்கியிருந்தன. சிவப்பணுக்களை உடைக்கும் ஹீமோலைசின்களும் திசுவில் ஒட்டிக்கொள்ள உதவும் புரதங்களும் கட்டியின் மீது கூடுதலாக வெளிப்பட்டன. இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: நீந்த உதவும் கசையிழை, தற்காப்பு உறை, வேதிக் குறிப்பை நோக்கி நகர்தல் ஆகியவற்றுக்கான மரபணுக்கள் கட்டியில்லாத இடத்திலும் முடுக்கம் பெற்றிருந்தன.

அழுகிப்போன, இரத்தம் கசியும் புண்ணில் பாக்டீரியாக்கள் இரும்பைத் தேடுவது இயல்புதானே, இது நோயின் விளைவேயன்றிக் காரணமாகுமா என்ற மறுப்பு நியாயமானது. கட்டியின் மீது கண்டவற்றுக்கு அது பெருமளவு பொருந்தும். கட்டியில்லாத பரப்பில் கண்டதை அந்த விளக்கத்தால் மட்டும் தீர்த்துவிட முடியாது. எச்சில் வாய் முழுவதும் பரவுவதும், புகையிலை எல்லா இடத்தையும் தாக்குவதும் ஒரு பங்கை விளக்கலாம். எனவே இது காரணத்தை மெய்ப்பிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆய்வுக்குட்பட்டவர்கள் மிகச் சிலரே என்பதும், ஆர்.என்.ஏ. இருப்பதாலேயே அதற்குரிய புரதம் செயல்பட்டதாகிவிடாது என்பதும் உண்மை. ஆனால் விளைவாகத் தோன்றியது பின்னர் நோயை வளர்ப்பதாகவும் மாறலாம். ஃபியூசோபாக்டீரியத்தின் ஃபேட்-ஏ புரதம் செல்பரப்பிலுள்ள ஈ-கேட்ஹெரினைப் பற்றிக்கொண்டு, பீட்டா-கேட்டனின் வழியாகச் செல்பெருக்கத்தைத் தூண்டுவது பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களில் காட்டப்பட்டிருக்கிறது. வாயிலும் அப்படி நடக்கிறதா என்பதைக் கட்டி முற்றியபின் எடுத்த மாதிரிகள் சொல்லா. புற்றாக மாறக்கூடிய வெள்ளைத்திட்டோ, பாக்கு மெல்லுவதால் வரும் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸோ உள்ளவர்களிடம், கட்டி தோன்றுமுன்பே, ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப ஆர்.என்.ஏ. மாதிரி எடுக்க வேண்டும். புகையிலை சேராத வெற்றிலைபாக்கையும் புற்றுநோய்க் காரணியென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. பாக்கு மெல்லும் வழக்கம் ஊன்றிய தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இத்தகைய நோயாளிகள் பல் மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். இந்த ஆய்வை இங்கேயே தொடங்கலாம்.