குயினிடின்

குயினிடின் என்பது சின்கோனா மரப்பட்டையில் கிடைக்கும் ஓர் ஆல்க்கலாய்டு ஆகும். மிகை வேகத்துடனோ ஒழுங்கின்றியோ துடிக்கும் இதயத்தைச் சீராக்க இது மருந்தாகப் பயன்படுகின்றது. எனினும் இதே மருந்து சிலருக்கு உயிரைப் பறிக்கக்கூடிய வேறொரு துடிப்புக் கோளாற்றைத் தோற்றுவிக்கின்றது. மலேரியா மருந்தான குயினைனும் குயினிடினும் ஒரே மூலக்கூற்று வாய்பாடு உடையவை. அணுக்களின் முப்பரிமாண அமைவில் மட்டுமே வேறுபடுகின்றன.

வரலாறு

தென் அமெரிக்காவைச் சேர்ந்த சின்கோனா மரம் 1860களில் நீலகிரியில் தொட்டபெட்டா, நடுவட்டம் ஆகிய இடங்களில் பயிரிடப்பட்டது. 1866இல் சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்ட ஆணையம் குயினைன், குயினிடின் உள்ளிட்ட நான்கு ஆல்க்கலாய்டுகளைக் காய்ச்சல் நோயாளிகளிடம் சோதித்தது. அப்போது குயினிடின் காய்ச்சல் மருந்தாக மட்டுமே கருதப்பட்டது.

குயினைன் உட்கொண்டால் தமது ஒழுங்கற்ற நாடித்துடிப்பு சீராவதாக ஒரு வணிகர் கூறியதை, மருத்துவர் வெங்கெபாக் 1914இல் எழுதினார். இவ்வகை ஆல்க்கலாய்டுகளுள் குயினிடினே இதற்கு மிகவும் ஏற்றது என்பதை 1918இல் வால்ட்டர் பிரை கண்டறிந்தார்.

செயற்பாடு

இது இதயத் தசைக் கலங்களின் சோடியம் வாயில்களை அடைத்து மின்தூண்டல் பரவுவதை மெதுவாக்குகின்றது. பொட்டாசியம் வாயில்களையும் அடைப்பதால், ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னரும் கலங்கள் பழைய நிலைக்கு மீளும் நேரம் நீள்கின்றது. ஈ.சி.ஜி. பதிவில் இது கியூ-டி இடைவெளியின் நீட்சியாகத் தெரியும்.

இதயத்துடிப்பு சார்ந்த பக்க விளைவுகள்

* முறுக்கலைத் துடிப்பு: கியூ-டி இடைவெளி மிகையாக நீண்டால் கீழறைகள் கட்டுப்பாடின்றி விரைந்து துடிக்கலாம். மின்னலைகள் முறுக்கிய கயிறு போலத் தோன்றும் இந்நிலைக்கு 1966இல் பிரெஞ்சு மருத்துவர் டெசர்ட்டென் 'டோர்சாட் டெ புவான்ட்' எனப் பெயரிட்டார். இதனால் மயக்கமும் திடீர் மரணமும் நேரலாம். வழக்கமான அளவு மருந்திலும் இது ஏற்படுவதுண்டு. இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தோருக்கு ஆபத்து அதிகம்.
* கீழறை வேகம் கூடுதல்: மேலறைப் படபடப்பு உடையோருக்கு இதனைத் தனியாகக் கொடுத்தால், மேலறைத் தூண்டல்கள் மிகுதியாகக் கீழறைக்குக் கடந்து துடிப்பு மேலும் விரையலாம்.
* டிகாக்சினுடன் வினை: குருதியில் டிகாக்சின் அளவை ஏறத்தாழ இருமடங்காக்குவதால், அம்மருந்தின் நச்சு விளைவுகள் தோன்றலாம்.

முறுக்கலைத் துடிப்பு ஏற்பட்டால் மருந்து நிறுத்தப்பட்டு, மக்னீசியம் சிரைவழி செலுத்தப்படும். பொட்டாசியக் குறைவும் சரிசெய்யப்படும்.

தற்போதைய நிலை

மேலறை நடுக்கம் பற்றிய ஆறு ஆய்வுகளை 1990இல் தொகுத்து நோக்கியபோது, குயினிடின் பெற்றோருள் சீரான துடிப்பு நீடித்தவர்கள் மிகுதியாக இருந்தனர். ஆனால் இறப்பு வீதம் அவர்களிடையே 2.9 விழுக்காடாகவும், பெறாதோரிடையே 0.8 விழுக்காடாகவும் இருந்தது. இதன் பின்னர் இதன் பயன்பாடு பெரிதும் குறைந்தது. எனினும் புருகாடா நோய்க்கூட்டறிகுறி, பிறவியிலேயே கியூ-டி இடைவெளி குறுகியிருக்கும் நோய் ஆகியவற்றுக்கு இது இன்றும் பயன்படுகின்றது.