இவ்வளவு நல்ல காணி ஏன் சும்மா கிடக்குது?

சனிக்கிழமை காலையில் நான் ஓடும் பாதை ஒன்று இருக்கிறது. ஸ்காபரோவில் ஹைலண்ட் கிரீக் ஆறு ஏரியில் விழும் இடத்தில் தொடங்குவேன். போர்ட் யூனியன் கரையோரமாகக் கிழக்கே ஓடி, ரூஜ் ஆறு ஏரியோடு சேரும் இடத்தில் திரும்புவேன். ஒரு வழிக்கு நாலு கிலோமீற்றர் அளவு. போகும்போது வலது பக்கம் ஒன்ராறியோ ஏரி, இடது பக்கம் ரயில் தண்டவாளம். பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. புதிதாக ஓடத் தொடங்குபவர்களுக்கும் தோதான பாதை.

ஒருநாள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மெல்ல நடந்து வந்தார். ரூஜ் கடற்கரையில் (ஏரிக்கரைதான், ஆனால் எங்கள் வீட்டில் கடற்கரை என்றுதான் சொல்வோம்) வாங்கில் இருந்து, ஆற்றையும் சதுப்பு நிலத்தையும் கன நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "தம்பி, இவ்வளவு நல்ல காணி. ஏன் ஒருத்தரும் வீடு கட்டாமல் சும்மா விட்டிருக்கிறாங்கள்?"

ரொறன்ரோவில் வீடு விற்கும் விலைக்கு இது பகிடி மாதிரி இருக்கும். அப்பா பகிடிக்குக் கேட்கவில்லை. அவருடைய ஊர் வடமராட்சியில் தொண்டைமானாறு. அங்கேயும் கடனீரேரி கடலோடு சேருகிறது. செல்வச்சந்நிதி முருகன் கோயில் அந்தக் கரையில்தான் இருக்கிறது. தண்ணீரோடு வளர்ந்தவர். ஊரில் காணி விட்டு வந்தவரும்கூட. நான் இங்கே பிறந்து வளர்ந்தவன், பொறியியல் படித்தவன். என்னிடம் பதில் இல்லை. தேடிப் படித்தேன். கிடைத்த பதிலை ஓடும் பாதையின் வழியே சொல்கிறேன்.

முதலில் இந்தக் கழிமுகம் எப்படி வந்தது? பனியுகத்தில் இந்த நிலத்தின் மேல் மிகப் பெரிய பனிப்பாளம் கிடந்தது. அதன் பாரத்தால் நிலம் அமிழ்ந்தது. பனி உருகிப் போன பிறகு, அமிழ்ந்த நிலம் மெல்ல மெல்ல எழும்புகிறது. ஏரியின் தண்ணீர் வெளியேறும் கிழக்குப் பக்கம், எங்கள் பக்கத்தை விட வேகமாக எழும்புகிறது. ஒரு பக்கம் தூக்கிய தட்டில் தண்ணீர் மற்றப் பக்கம் சாய்வது போல, ஏரி மேற்கே சாய்ந்து ஆற்று வாய்களுக்குள் ஏறிவிட்டது. ரூஜ் ஆற்றின் வாயில் சதுப்பு நிலம் இருப்பது இதனால்தான். உப்பு இல்லாத கழிமுகம் இது.

அடுத்தது, நாங்கள் ஓடும் வழி. ரூஜ் ஆற்றோரமாக வடக்கே போகும் வழி, கனடா என்ற நாடு உருவாவதற்கு முன்பே இருந்த நடைபாதை. ஒன்ராறியோ ஏரியிலிருந்து சிம்கோ ஏரிப் பக்கம் போக, பூர்வகுடி மக்கள் வள்ளத்தையும் சாமானையும் தோளில் சுமந்து நடந்தார்கள். அதற்கு இரண்டு கிளைகள் இருந்தன. மேற்கே ஹம்பர் ஆற்றோரம் ஒன்று, கிழக்கே ரூஜ் ஆற்றோரம் மற்றது. 1660களில் ரூஜ் கரையில் செனெக்கா மக்களின் கனட்செக்வியாகொன் என்ற ஊர் இருந்தது. 1669-70 குளிர்காலத்தில் பெனலோன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அங்கே தங்கினார். பக்கத்தில் பிக்கரிங்கில் உள்ள பிரெஞ்சுமன்ஸ் விரிகுடா என்ற பெயர் அந்த நினைவில் வந்தது என்பார்கள். 1680களின் கடைசியில் போர்க்காலத்தில் அந்த ஊர் கைவிடப்பட்டது. அதன் எச்சம் என்று கருதப்படும் பீட் ஹில், 1991இல் தேசிய வரலாற்று இடமாக அறிவிக்கப்பட்டது.

செனெக்கா மக்களுக்குப் பிறகு மிசிசாகா மக்கள் இந்தக் கரையில் வாழ்ந்தார்கள். ஆக, இது ஆளில்லாத காணி இல்லை. பிறகு அது எப்படிக் கை மாறியது? 1787-88இல் பிரித்தானிய அதிகாரிகள் ரொறன்ரோவுக்குக் கிழக்கே உள்ள ஏரிக்கரையை வாங்கியதாகச் சொன்னார்கள். அதற்கு 'துப்பாக்கிச் சத்த ஒப்பந்தம்' என்று பெயர் வந்தது. கரையில் சுட்டால் எவ்வளவு தூரம் சத்தம் கேட்குமோ, அவ்வளவு தூரம் நிலம்! எல்லை சரியாக எழுதப்படவில்லை. அந்தக் குழப்பத்தை முடிக்க 1923இல் வில்லியம்ஸ் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. அதிலும் அநியாயம் நடந்தது என்று ஏழு பூர்வகுடிச் சமூகங்கள் வழக்குப் போட்டு, 2018இல்தான் 111 கோடி டொலர் இழப்பீடும் அரசின் மன்னிப்பும் கிடைத்தன. உறுதியில் எல்லை தெளிவில்லாவிட்டால் என்ன நடக்கும் என்று எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் 1923இலிருந்து 2018 வரை, 95 வருசம்.

பாதையின் நடுவில் வரும் போர்ட் யூனியன், பெயரே சொல்வது போல, ஒரு காலத்தில் சின்னத் துறைமுக ஊர். கப்பல்தான் அப்போது வீதி. 1856இல் ரொறன்ரோவுக்கும் மொன்றியலுக்கும் இடையே ரயில்பாதை திறந்தது. சாமான்கள் ரயிலுக்கு மாறியதும் இப்படியான சின்னத் துறைமுகங்களின் காலம் முடியத் தொடங்கியது. ஓடும்போது இடது பக்கத்தில் அதிர்ந்துகொண்டு போகிறதே, அது அதே ரயில்பாதைதான்.

இனி அப்பாவின் கேள்விக்கு நேரான பதில். 1954 அக்டோபர் 15 இரவு. ஹேசல் என்ற சூறாவளி ரொறன்ரோவைத் தாக்கியது. ஏற்கெனவே பெய்த மழையில் நிலம் ஊறிப்போயிருந்ததால் புதிய மழை முழுக்க ஆறுகளுக்குள் ஓடியது. கனடாவில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றோரம் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர். அவர்கள் செய்த பிழை ஒன்றும் இல்லை. ஆற்றோரம் வீடு கட்டலாம் என்று இருந்த காலம், கட்டினார்கள், குடியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு சட்டம் மாறியது. 1957இல் நாலு ஆற்றுப் பாதுகாப்பு அமைப்புகளை ஒன்றாக்கி, ரொறன்ரோ வட்டாரத்துக்கு ஒரே அமைப்பை உருவாக்கினார்கள். ஆறு பெருகினால் தண்ணீர் பரவும் நிலத்தை அது வாங்கிப் பூங்காவாக்கியது. ரேமோர் டிரைவில் வீடுகள் இருந்த இடமும் இன்று பூங்கா. இன்றுவரை இந்தப் பகுதியில் வெள்ள எல்லை கீறும் பொறியியலாளர்கள் ஒரு கேள்வியை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்: 'ஹேசல் மழை இந்த ஆற்றின் மேல் பெய்தால் தண்ணீர் எதுவரை வரும்?' அந்தக் கோட்டுக்குள் சும்மா வீடு கட்ட முடியாது.

ரூஜ் பள்ளத்தாக்குக்கு இன்னொரு காவலும் இருந்தது. 1975 முதல் அயலில் வாழ்ந்த மக்கள் ஒன்றுசேர்ந்து, அதைக் கட்டடங்களிடமிருந்து காப்பாற்ற வருசக்கணக்காகப் போராடினார்கள். 2015இல் அது கனடாவின் முதலாவது தேசிய நகர்ப் பூங்காவாகச் சட்டத்தில் ஏறியது. இன்று அதன் பரப்பு 79 சதுர கிலோமீற்றருக்கு மேல்.

இவ்வளவையும் அப்பாவுக்குச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப காணி சும்மா கிடக்கேல்லை. வெள்ளத்துக்கு விட்ட இடம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "முந்தி இருந்த சனத்துக்கு அந்தக் காசு வந்து சேர்ந்ததோ?" என்று கேட்டார். அவருக்கு அதுதான் மனதில் நின்றது.

தம்பி தங்கச்சிமாரே, நீங்களும் ஒருநாள் போய் ஓடுங்கள். ரூஜ் ஹில் கோ ரயில் நிலையம் கரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குளிர்காலத்தில் ஏரிக்காற்று பொல்லாதது, காதை மூடிக்கொண்டு போங்கள். முகத்துவாரத்தில் நடைபாலம் இருக்கிறது. அதன் நடுவில் நின்று, ஏரியைப் படம் எடுத்து முடிந்த பிறகு, ஒருக்கால் வடக்கே திரும்பிப் பாருங்கள். வள்ளத்தைத் தோளில் வைத்து மனிதர் நடந்த வழி அந்தப் பக்கம்தான்.