பிரிப்பது எப்படி?

உங்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் ஒரு வியாபாரி. விற்கிற பொருளை எப்படிப் பூட்டுவது என்று நீங்கள் சொல்லித்தரக் கூடாது. சொன்னால் வரி. ஆனால், எப்படிப் பிரிப்பது என்று தாராளமாகச் சொல்லலாம். சட்டத்தில் தடையில்லை. என்ன செய்வீர்கள்?

அதேதான்! பிரிக்கிற முறையை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக அச்சடித்துப் பெட்டிக்குள் போட்டுவிடுவீர்கள். வாங்குகிற ஆசாமி கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வந்தால் வேலை முடிந்தது.

உலகப் புகழ்பெற்ற ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இப்படித்தான் விற்றது என்று கார் பிரியர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். காரின் பெயர் லோட்டஸ் செவன். விற்ற மகானுபாவர், காலின் சாப்மன்.

எனக்கும் கார் இன்ஜினுக்கும் வெகு தூரம். பானெட்டைத் திறந்து காட்டினால் பயபக்தியோடு பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவேன். ஆனால், படித்தது பி.காம். 'வரி' என்று யாராவது சொன்னால் காது தானாக நிமிரும். இந்தக் கதையில் கார் பாதி, வரி பாதி.

1940. இரண்டாம் உலகப்போர். பிரிட்டனில் இரும்பு, அலுமினியம், தோல் எல்லாமே யுத்தத்துக்குத் தேவை. ஜனங்கள் கண்டதையும் வாங்கிக் குவிக்கக் கூடாது என்பதற்காக அரசாங்கம் ஒரு வரி போட்டது. 'பர்ச்சேஸ் டாக்ஸ்' என்று பெயர். ஆடம்பரச் சாமான்களுக்கு மொத்த விலையில் மூன்றில் ஒரு பங்கு. போர் 1945-ல் முடிந்தது. வரி முடிந்ததா என்றால்... ம்ஹூம். கஜானாவுக்குள் வந்து பழகிய வரியை எந்த அரசாங்கம் விட்டிருக்கிறது? முடிவது எங்கே, ஏறத்தான் செய்தது. 1950-களில் புது கார் மீதான வரி ஐம்பது, அறுபது சதவிகிதம் என்று ஊஞ்சலாடியது.

ஆனால், ஒரு சந்து இருந்தது. வரி முழு காருக்குத்தான், உதிரி பாகங்களுக்கு இல்லை. ஒருவர் பாகங்களை வாங்கித் தன் கையாலேயே பூட்டிக்கொண்டால், அது கார் வாங்கிய கணக்கில் வராது!

அந்தச் சந்துக்குள் பல பேர் நுழைந்தார்கள். சாப்மன் அளவுக்கு அழகாக நுழைந்தவர் வேறு யாருமில்லை.

சாப்மன் 1928-ல் பிறந்தவர். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இன்ஜினீயரிங் படிக்கும்போதே, பழைய கார்களை வாங்கி விற்கும் சைடு பிசினஸ் ஆரம்பித்துவிட்டார். நன்றாகத்தான் போனது. 1947-ல் அரசாங்கம் சொந்த உபயோகத்துக்கான பெட்ரோல் ரேஷனையே நிறுத்தியது. பெட்ரோல் இல்லாத ஊரில் பழைய காரை யார் வாங்குவார்கள்? வியாபாரம் ஒரே மாதத்தில் படுத்துவிட்டது. கையிருப்பைக் கிடைத்த விலைக்குத் தள்ளியதுபோக, விற்காமல் ஒரே ஒரு வண்டி மிஞ்சியது. பழைய ஆஸ்டின் செவன்.

விற்கவில்லையா? சரி, உடைத்துப் புதுசாகக் கட்டுவோம் என்று இறங்கினார். காதலி ஹேஸலின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட். அதுதான் பட்டறை. பழைய உடம்பைக் கழற்றிவிட்டு, ப்ளைவுட்டும் அலுமினியத் தகடும் வைத்துப் புது உடம்பு பூட்டினார். முதல் லோட்டஸ் பிறந்தது. ஆக, தாமரை முளைத்தது விற்காத சரக்கில்தான்!

1952-ல் லோட்டஸ் இன்ஜினீயரிங் கம்பெனி ஆரம்பித்தபோது, முதலீட்டுக்கு ஹேஸல் கடனாகக் கொடுத்தது 25 பவுண்டு. இடம், அப்பா நடத்திவந்த ரயில்வே ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம்.

அங்கிருந்து வந்த மார்க் சிக்ஸ் என்ற வண்டியில்தான் சூட்சுமம் ஆரம்பிக்கிறது. சாப்மன் முழு காராக விற்கவில்லை. மெல்லிய இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து ஒரு கூண்டு செய்தார். சாரம் கட்டுவதுபோலக் குறுக்கும் நெடுக்குமாகக் குழாய்கள், முக்கோணம் முக்கோணமாக. அந்தக் கூண்டின் எடை சுமார் 25 கிலோ. ஒரு சின்ன அரிசி மூட்டை! அதை வாங்கிக்கொண்டு போய், பழைய ஃபோர்டு காரிலிருந்து இன்ஜின், கியர்பாக்ஸ், பின் அச்சு எல்லாவற்றையும் எடுத்துப் பொருத்திக்கொள்ள வேண்டியது வாடிக்கையாளர் பொறுப்பு.

இதில் இன்ஜினுக்குப் பெரிய பலம் கிடையாது. ஆனால், சாப்மனின் கணக்கு வேறு. பலத்தைக் கூட்டுவதற்கு பதில் எடையைக் குறை. எடை குறைந்தால் கிளம்புவதும் வேகம், நிற்பதும் வேகம், திரும்புவதும் சுலபம். டயர் தேயாது, பெட்ரோல் மிச்சம். ஏழைக்கேற்ற எள்ளுருண்டையாக ஒரு ரேஸ் கார்!

1957-ல் அடுத்தது வந்தது. லோட்டஸ் செவன். கதவு இல்லை. பெயருக்கு ஒரு துணிக் கூரை. தனித்தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் முன் சக்கரங்கள். உட்கார்ந்தால் கை தரையைத் தொடும். முழு எடையே அரை டன் சுற்றுவட்டாரம்தான். வரியோடு சேர்த்து முழு காராக வாங்கினால் ஆயிரம் பவுண்டுக்கு மேல். பெட்டியில் பாகங்களாக வாங்கினால் அறுநூறு பவுண்டுக்குள். மீதி நானூற்றுச் சொச்சம் உங்கள் வியர்வையின் விலை. நிபந்தனை ஒன்றுதான்... கூலி கொடுத்து மெக்கானிக்கிடம் பூட்டச் சொல்லக் கூடாது. வாங்கியவரே பூட்ட வேண்டும்.

ஆபீஸ் குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் வாரக் கடைசியில் ஸ்பேனரைத் தூக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் ரேஸுக்குப் போனார்கள். திங்கட்கிழமை அதிலேயே ஆபீஸ்.

1967-ல் 'தி பிரிஸனர்' என்ற டி.வி. தொடரில் ஹீரோ பாட்ரிக் மெக்கூஹன் ஓட்டிவருவது இந்த வண்டிதான். மவுசு எகிறியது. இதற்குள் சாப்மன் வேறு உயரத்தில் இருந்தார். 1963-ல் அவருடைய காரை ஓட்டி ஜிம் கிளார்க் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆகிவிட்டார். பெரிய மனிதர்களுக்கு விலையுயர்ந்த கார் விற்கிற கம்பெனிக்கு, 'பெட்டியில் கார் விற்கிறவன்' என்ற பெயர் உறுத்த ஆரம்பித்தது.

1973-ல் காரியம் தானாகவே முடிந்தது. பிரிட்டன் ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர்ந்த வருடம். ஏப்ரல் முதல் தேதி பர்ச்சேஸ் டாக்ஸ் ஒழிந்து, மதிப்புக் கூட்டு வரி வந்தது. இப்போது உதிரி பாகத்துக்கும் வரி உண்டு. பழைய சந்து குறுகிவிட்டது. அதே வருடம் செவனைத் தயாரிக்கும் உரிமையை, அதை விற்றுக்கொண்டிருந்த கேட்டர்ஹாம் நிறுவனத்தின் கிரஹாம் நியர்னுக்குக் கைமாற்றிவிட்டார் சாப்மன்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும் இல்லையா? முடியவில்லை. வரி லாபம் போன பிறகும் ஜனங்கள் பெட்டியை விடவில்லை. கேட்டர்ஹாம் கை மாறிக் கை மாறி 2021-ல் ஜப்பானிய நிறுவனத்திடம் போய்விட்டது. இன்றும் அந்த காரைக் கிட்டாக வாங்கலாம்.

ஆனால், அதற்கும் காசு வேண்டுமே? இல்லாதவனுக்காக 1996-ல் ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் ரான் சாம்பியன். வெறும் 250 பவுண்டில் நீங்களே ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று தலைப்பிலேயே அடித்துச் சொல்லியது. அந்த வண்டிகளுக்கு 'லோகாஸ்ட்' என்று பெயர். லோட்டஸ் மாதிரியும் ஒலிக்கும், மலிவு என்றும் அர்த்தம்!

எப்படி முடியும்? செவனின் உடம்பைக் கவனியுங்கள். பெரும்பாலும் தட்டையான தகடுகள். சில இடங்களில் ஒரே பக்கமாக வளைந்திருக்கும், அவ்வளவுதான். ராட்சத பிரஸ் வேண்டாம். கையாலேயே வளைக்கலாம். கூண்டுக்கு ஒரு அங்குலச் சதுர இரும்புக் குழாய் போதும். தட்டையான பலகையில் முழு அளவில் படம் வரைந்து, குழாய்களை வெட்டி அதன்மேல் அடுக்கி, முதலில் புள்ளி புள்ளியாக மட்டும் பற்றவைக்க வேண்டும். பொறுமை இல்லாமல் ஒரே மூலையில் முழுசாகப் பற்றவைத்தால், சூட்டில் கூண்டு கோணிக்கொள்ளும். அப்புறம் நான்கு சக்கரமும் நான்கு திசை பார்க்கும்.

உறுப்பு தானத்துக்கு ஒரு பழைய ஃபோர்டு எஸ்கார்ட். இன்ஜின், கியர்பாக்ஸ், அச்சு, ஸ்டியரிங், பிரேக், ஒயர்கள் எல்லாம் அதிலிருந்து. மிச்சமிருக்கிற கதவு, கண்ணாடி, சீட்டை விற்றால் கொஞ்சம் காசு திரும்பி வரும். 250 பவுண்டு ரகசியம் இதில்தான் இருக்கிறது.

பின்சக்கரம் இழுக்கும் எஸ்கார்ட் 1980-லேயே நின்றுவிட்டது. பழைய வண்டிகள் அரிதாகவே, 2007-ல் க்ரிஸ் கிப்ஸ் என்பவர் ஃபோர்டு சியராவை வைத்துச் செய்யும் அடுத்த புத்தகத்தை எழுதினார்.

இப்போது ஒரு பி.காம்.காரனின் சந்தேகம். வெல்டிங் மிஷினுக்கு என்ன கணக்கு? கெட்டுப்போன குழாய்க்கு? இரண்டு வருட சனி, ஞாயிறுகளுக்கு? அந்த 250-க்குள் முடித்தவர்கள் அபூர்வம். பாதியில் நின்று ஷெட்டில் தூசி படிந்தவை எத்தனையோ. முடித்தாலும் அரசாங்கப் பரிசோதனை காத்திருக்கும். 1998 முதல் வீட்டில் கட்டிய கார்களுக்கும் தனிப் பரீட்சை உண்டு. பிரேக், விளக்கு, புகை எல்லாம் பார்ப்பார்கள். கையைக் கிழிக்கிற ஒரு கூர்முனை இருந்தால்கூட ஃபெயில். பாகங்களின் வயதைச் சொல்ல முடியாத வண்டிக்கு 'க்யூ' என்று ஆரம்பிக்கும் நம்பர் பிளேட்.

காஸ்ட் அக்கவுன்டன்ஸி வாத்தியார் பார்த்தால் பெருநஷ்டம் என்றுதான் எழுதுவார். கட்டியவரைக் கேளுங்கள். ஒவ்வொரு போல்ட்டின் ஜாதகத்தையும் சொல்வார்.

சரி, சாப்மன் என்ன ஆனார்?

1978-ல் ஜான் டிலோரியன் என்ற அமெரிக்கருக்கு கார் வடிவமைத்துத் தரும் வேலையை ஏற்றது லோட்டஸ். 'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்தில் பறக்குமே, அதே கார். பெல்ஃபாஸ்ட் அருகே தொழிற்சாலை. அதில் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் பணம், அதாவது வரி கட்டியவர்களின் பணம், கோடிக்கணக்கில். 1982-ல் கம்பெனி திவால். லோட்டஸுக்குப் போகவேண்டிய பணத்தில் பெரும் பகுதி, பனாமாவில் பதிவான ஒரு கம்பெனி வழியாக மாயமாகியிருந்தது. விசாரணை சூடுபிடிப்பதற்குள், அதே வருடம் டிசம்பரில் சாப்மன் மாரடைப்பில் இறந்தார். வயது 54. ஆரம்பகாலம் தொட்டு அவருடைய கணக்குகளைப் பார்த்த ஃப்ரெட் புஷெல் 1992-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று வருட சிறைத் தண்டனை பெற்றார். சாப்மன் உயிரோடு இருந்திருந்தால் குறைந்தது பத்து வருடம் கிடைத்திருக்கும் என்றார் நீதிபதி.

வரியைத் தவிர்ப்பது வேறு, ஏய்ப்பது வேறு. பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லித்தருவார்கள். பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி. பிரிக்கும் முறையை அச்சடித்தது முதல் ரகம். சட்டம் பார்த்துக்கொண்டிருக்க, வெளிச்சத்தில் செய்தது. அதனால் ஒரு குமாஸ்தாவுக்கு ஸ்போர்ட்ஸ் கார் கிடைத்தது. பனாமா சமாச்சாரம் இருட்டில் நடந்தது. அதனால் யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. பெல்ஃபாஸ்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலைதான் போயிற்று.

இரண்டையும் செய்தது ஒரே மூளை என்பதுதான் எனக்கு நெருடுகிறது. முதல் சந்தில் நுழைந்தபோது ஊரே கைதட்டியது. அந்தக் கைதட்டல் அடுத்த சந்துக்கு வழி காட்டியிருக்குமோ?

தெரியாது. பிரிப்பது எப்படி என்று படித்து, கடைசிப் பக்கத்திலிருந்து திரும்பி வந்தால் காரைப் பூட்டிவிடலாம். மனுஷன் விஷயத்தில் அது நடக்காது.