தி லாஸ்ட் ஆஃப் அஸ்

தி லாஸ்ட் ஆஃப் அஸ் என்பது பேரழிவுக்குப் பிந்தைய அமெரிக்காவைக் களமாகக் கொண்ட, உயிர்பிழைத்தலை மையப்படுத்திய சாகச வீடியோ கேம். நாட்டி டாக் நிறுவனம் உருவாக்கிய இதை சோனி 2013 ஜூன் 14 அன்று பிளேஸ்டேஷன் 3-க்கு வெளியிட்டது. கதையை நீல் ட்ரக்மன் எழுதினார். இசை குஸ்தாவோ சாந்தவோலாலா.

கதைக்களம்: மனித மூளையைப் பற்றும் பூஞ்சைத் தொற்றால் சமூகம் சிதைந்து 20 ஆண்டுகள் கழிகின்றன. தொற்றுக்கு ஆட்படாத 14 வயது எல்லியைக் கடத்தல்காரன் ஜோயல் பாஸ்டனிலிருந்து நாட்டின் குறுக்கே அழைத்துச் செல்கிறான். எறும்பின் உடலுக்குள் வளர்ந்து அதன் நடத்தையையே மாற்றும் கார்டிசெப்ஸ் பூஞ்சை இக்கற்பனைக்கு வித்து; பிபிசியின் பிளானட் எர்த் ஆவணத்தொடரில் அதைப் பார்த்தே இந்தக் கரு பிறந்தது.

விளையாட்டு முறை: தோட்டாக்கள் குறைவு. கந்தல் துணியும் ஆல்கஹாலும் கிடைத்தால் காயத்துக்கு மருந்துக்கட்டு செய்யலாம், அல்லது தீக்குண்டு. இரண்டுக்கும் மூலப்பொருள் ஒன்றே. பொருளைச் செய்துகொண்டிருக்கும்போது ஆட்டம் நிற்பதில்லை. எதிரி நெருங்கிக்கொண்டே இருப்பான். பார்வையிழந்த 'கிளிக்கர்'கள் வௌவாலைப்போல ஒலியால் இடமறிவதால், காலடியோசையே ஆபத்தாகும்.

வரவேற்பு: 2014-இல் சிறந்த விளையாட்டுக்கான பாஃப்டா விருது பெற்றது. இரண்டாம் பாகம் 2020-இலும், எச்பிஓ தொலைக்காட்சித் தொடர் 2023-இலும் வெளிவந்தன.