சொந்தத் திடல் இருந்தும் வீழ்ந்த கழகங்கள்: ஹன்ஸ்லெட் வரலாறு சொல்லும் பாடம்



நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்குத் திடல் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஆலயம், தமிழ்ப்பள்ளி, திடல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே தோட்டத்து மக்களின் பொதுவாழ்வு. காலையில் பால்மரம் வெட்டிக் களைத்தவர்கள் மாலையில் காற்பந்து ஆடியது அத்திடலில்தான். ஆனால், அத்திடலின் நிலப்பட்டா ஆடியவர் கையில் ஒருநாளும் இருந்ததில்லை. தோட்டம் கைமாறியபோது திடலும் கைமாறியது. நீலாய், செனாவாங், செண்டாயான் வட்டாரங்களில் தோட்ட நிலங்கள் நகரங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிய கதையை நாம் அறிவோம்.

"நமக்கென்று சொந்த நிலம் இருந்திருந்தால் இந்த நிலை வந்திருக்குமா?" என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். எனினும், சொந்தத் திடல் வைத்திருந்த தொழிலாளர் கழகங்களும் வீழ்ந்திருக்கின்றன. அவை ஏன் வீழ்ந்தன என்பதை அறிந்தால் நம் கேள்விக்கும் விடை தெளிவாகும். அதற்காக நாம் இங்கிலாந்தின் வடபகுதிக்குச் செல்ல வேண்டும்.

கூலி இழந்தவர்களின் ஆட்டம்

ரக்பி ஆட்டத்தில் இரு பிரிவுகள் உண்டு. ஒன்று பதினைந்து பேர் ஆடுவது. மற்றொன்று பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக். இந்தப் பிரிவினைக்கு மூல காரணம் கூலிதான்.

யார்க்‌ஷயர், லங்காஷயர் வட்டாரங்களில் ரக்பி ஆடியவர்களுள் பலர் நிலக்கரிச் சுரங்கத்திலும் துணி ஆலையிலும் உழைத்தவர்கள். அக்காலத்தில் சனிக்கிழமையும் வேலைநாளே. ஆடப் போனால் அன்றைய கூலி போயிற்று. இழந்த கூலியை ஈடுசெய்ய அனுமதி வேண்டும் என்று வடபகுதிக் கழகங்கள் கேட்டன. தெற்கில் வசதி படைத்தோர் ஆதிக்கம் செலுத்திய ரக்பி சங்கம் 1893-ஆம் ஆண்டில் அக்கோரிக்கையை நிராகரித்தது. பணம் பெற்று ஆடுவது ஆட்டத்தின் தூய்மையைக் கெடுக்கும் என்பது அவர்கள் வாதம். நாட்கூலியை நம்பி வாழாதவருக்கு அப்படிப் பேசுவது எளிது.

1895 ஆகஸ்டு 29-ஆம் நாள் ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் விடுதியில் வடபகுதிக் கழகங்கள் கூடித் தனிச் சங்கம் கண்டன. இழந்த ஒருநாள் வேலைக்கு ஆறு ஷில்லிங் வரை ஈடு கொடுக்கலாம் என்று முடிவு செய்தன. 1906-இல் அணிக்குப் பதின்மூன்று ஆட்டக்காரர் என்ற விதி வந்தது. 1922-இல் அச்சங்கம் ரக்பி லீக் என்று பெயர் மாற்றம் பெற்றது.

ஹன்ஸ்லெட்டின் எழுச்சி

லீட்ஸ் மாநகரின் தென்பகுதியில் ஹன்ஸ்லெட் என்ற தொழிற்பேட்டை இருந்தது. இயந்திரப் பட்டறைகளும் நெருக்கமான வரிசை வீடுகளும் நிறைந்த பகுதி. நம் தோட்டத்து லயன் வீடுகளை நினைத்துக் கொள்ளுங்கள். செங்கல்லால் கட்டிய லயன்கள் என்று வைத்துக் கொள்ளலாம். 1883-இல் அங்குத் தோன்றிய கழகம், 1888 முதல் பார்க்சைடு என்ற திடலில் ஆடிவந்தது. பின்னர் அத்திடல் கழகத்தின் சொந்த உடைமையாகவே இருந்தது.

1907-08 பருவத்தில், ஓர் அணி வெல்லக்கூடிய நான்கு கிண்ணங்களையும் ஹன்ஸ்லெட் ஒருசேர வென்றது. அச்சாதனையைப் புரிந்த முதல் கழகம் அதுவே. அதன்பின் ஹடர்ஸ்ஃபீல்டும் (1914-15) ஸ்விண்டனும் (1927-28) மட்டுமே அதைச் செய்திருக்கின்றன. 1938-இல், அதே நகரின் பெரிய கழகமான லீட்ஸ் அணியை இறுதியாட்டத்தில் 8-2 என்று வீழ்த்தி ஹன்ஸ்லெட் வெற்றிவாகை சூடியது. 1965-இல் வெம்பிளி அரங்கில் நடந்த கிண்ண இறுதியாட்டத்தில் விகன் அணியிடம் 16-20 என்று போராடித் தோற்றது.

அதற்கு எட்டே ஆண்டுகளில் அக்கழகம் கலைக்கப்பட்டது.

வீழ்ச்சி எப்படி வந்தது?

முதலில் மக்கள் போனார்கள். ஹன்ஸ்லெட்டின் பழைய வரிசை வீடுகள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் வேறு பகுதிகளுக்குக் குடியமர்த்தப்பட்டன. நடந்தே திடலுக்கு வந்தவர்கள் தொலைவுக்குச் சென்றுவிட்டனர். நுழைவுச் சீட்டு வருமானம் குறைந்தது. வருமானம் குறைந்தால் நல்ல ஆட்டக்காரர் போவர்; அவர் போனால் வெற்றி போகும்; வெற்றி போனால் இருக்கும் கூட்டமும் கரையும். கடன் மட்டும் வளரும்.

1971-இல் பார்க்சைடின் முதன்மைப் பார்வையாளர் மாடம் விஷமிகள் வைத்த தீயில் எரிந்து போனது. மீண்டும் கட்டப் பணமில்லை. இயக்குநர்கள் திடலை விற்க முடிவு செய்தனர். சுமார் மூன்று லட்சம் பவுண்டுக்கு அது ஒரு தொழிற்பேட்டை நிறுவனத்தின் கைக்குச் சென்றது. கடனை அடைத்துவிட்டு, எஞ்சிய பணத்தில் வேறிடம் தேடுவது என்பதுதான் முதலில் சொல்லப்பட்ட திட்டம். ஏற்ற இடம் கிட்டவில்லை. கழகம் கலைக்கப்பட்டது, எஞ்சிய பணம் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. 1973 ஏப்ரல் 21-ஆம் நாள் யார்க் அணியுடன் நடந்த ஆட்டமே பார்க்சைடின் கடைசி ஆட்டம்.

வாசகர்கள் இங்குச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கடனைத் தீர்க்கும் அளவுக்குத் திடல் மதிப்புள்ளதாக இருந்தது. தீர்த்த பிறகும் பணம் மிஞ்சியது. அப்படியிருந்தும் கழகம் ஏன் மறைந்தது? சட்டத்தின் கண்ணில் அது ஒரு பங்கு நிறுவனம். நிறுவனம் கலைந்தால் எஞ்சும் சொத்து பங்கு வைத்திருப்பவருக்கே சேரும். தொண்ணூறு ஆண்டுகளாகச் சீட்டு வாங்கி, மழையிலும் பனியிலும் நின்று ஆதரித்த தொழிலாளிக்கு அத்திடலில் உரிமை ஏதுமில்லை. திடல் கழகத்துக்குச் சொந்தமாக இருந்தது. கழகமோ ஊருக்குச் சொந்தமாக இல்லை.

முன்னாள் ஆட்டக்காரரான ஜெஃப் கன்னியும் உள்ளூர் அன்பர்களும் முயன்று, 1973-ஆம் ஆண்டிலேயே 'நியூ ஹன்ஸ்லெட்' என்ற பெயரில் கழகத்தை மீட்டெடுத்தனர். ஆயினும் சொந்த மண் போய்விட்டது. வேட்டைநாய்ப் பந்தயத் திடலில் வாடகைக்கு ஆடினர். பிறகு அதுவும் மூடப்பட, ஊர்விட்டு ஊர் அலைந்தனர். 1995-இல்தான் தென் லீட்ஸ் அரங்கில் நிலைபெற்றனர்.

ஒன்றல்ல, பல

ஹன்ஸ்லெட்டின் கதை தனிக்கதையன்று. நான்கு கிண்ணம் வென்ற ஸ்விண்டன் கழகம், 1929 முதல் ஆடிவந்த ஸ்டேஷன் ரோடு திடலைக் கடன் சுமையால் 1992-இல் விற்றது. அங்கு வீடுகள் எழுந்தன. அணி அண்டை ஊர்களில் இரவல் திடல் தேடி அலைந்தது. 1889 முதல் வாட்டர்ஷெட்டிங்ஸ் திடலில் ஆடிய ஓல்டம் கழகம் 1997-இல் அதை இழந்தது. அதே ஆண்டில் கழகமும் நொடித்து, புதிதாகத் தொடங்கப்பட வேண்டியதாயிற்று.

1985-இல் பிராட்ஃபோர்டு காற்பந்து அரங்கில் மரத்தாலான மாடம் தீப்பற்றி 56 பேர் மாண்ட பிறகு, பழைய திடல்களுக்கான பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. அது தேவையான நடவடிக்கையே. எனினும், சிறு கழகங்களுக்கு அச்செலவு மலைபோல் நின்றது. வருமானம் தராத நாளிலும் திடல் செலவு கேட்கும். கூரை ஒழுகும், சுவர் விரியும், காப்புறுதி கட்ட வேண்டும். வங்கியோ அதே திடலை அடைமானமாகக் கேட்கும். கடைசியில், கழகத்திடம் விற்பதற்கு இருக்கும் ஒரே பொருளும் அதுவாகிவிடும். நகரம் வளர வளர நிலத்தின் விலை ஏறும். விலை ஏற ஏற விற்றுவிடும் ஆசையும் ஏறும்.

நமக்கு இதில் என்ன?

மலாயா விடுதலை பெற்ற காலகட்டத்தில், வெள்ளைக்கார நிறுவனங்கள் பல தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினர். தொழிலாளி வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தான். அந்தத் துயரத்துக்கு மாற்றாகவே 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தில் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. கூட்டுறவு என்ற வடிவத்தை அவர் தேர்ந்தெடுத்ததில் ஆழ்ந்த பொருள் உண்டு. பங்கு நிறுவனத்தில் அதிகப் பங்குடையவர் குரலே ஓங்கும். கூட்டுறவில் ஒருவருக்கு ஒரு வாக்கு. பார்க்சைடு விற்கப்பட்டபோது ஹன்ஸ்லெட் மக்களிடம் இல்லாதது அந்த வாக்குத்தான்.

கூட்டுறவு என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் எல்லாம் காக்கப்பட்டுவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. உறுப்பினர் ஆண்டுக் கூட்டத்துக்கு வராமலும், கணக்கறிக்கையைப் படிக்காமலும் இருந்தால் எந்த அமைப்பும் சிலர் கைக்குள் சுருங்கிவிடும். ஆனால், கேள்வி கேட்கும் உரிமையாவது அங்கு எழுத்தில் இருக்கிறது.

நம் தமிழ்ப்பள்ளிகளையும் ஆலயங்களையும் இதே கண்கொண்டு பார்க்க வேண்டும். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிருவாகம் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. அப்படி எழுந்த பள்ளிகளுள் பல தனியார் நிலத்திலேயே நின்றன. பகுதி உதவி பெறும் பள்ளிகள் என்ற நிலை நீடித்ததற்கு நில உரிமையே முக்கியக் காரணம். ஆகவே, நிலம் வேண்டும் என்று கேட்பது சரியே. அத்துடன் இன்னும் மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். நிலப்பட்டா யார் பெயரில் இருக்கும்? அதை விற்கவோ அடைமானம் வைக்கவோ யாருடைய ஒப்புதல் வேண்டும்? அமைப்பு கலைந்தால் நிலம் யாருக்குப் போகும்? இவற்றுக்கு விடையை நல்ல நாளிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கடன்காரன் வாசலில் நிற்கும் நாளில் எழுத முடியாது.

ஹன்ஸ்லெட் மக்களுக்கு மண் இருந்தது. மண்ணைக் காக்கும் எழுத்து இல்லை. நமக்கு மண் கிடைக்கும் இடங்களிலாவது அந்த எழுத்தும் சேர்ந்து கிடைக்கட்டும். உங்கள் ஊர் ஆலயத்திற்கோ சங்கத்திற்கோ சொந்த நிலம் இருந்தால், அதன் பத்திரத்தையும் சட்டவிதிகளையும் அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒருமுறை கேட்டு வாங்கிப் படியுங்கள்.