பவளம் வாழும் நீர்

பவளம் என்றவுடன் நம் நினைவிற்கு வருவது கழுத்தில் அணியும் செம்மணியே. சங்கச் சான்றோர் அதனைத் துகிர் என்றனர். அது நம் கடலில் விளைந்ததன்று. மத்தியதரைக் கடலில் எடுக்கப்பெற்று, மேலைக் கப்பல்களில் ஏறி, முசிறித் துறையில் வந்து இறங்கியது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்புளூஸ் என்னும் கிரேக்க நூலின் இறக்குமதிப் பட்டியலில் அதன் பெயரைக் காண்கிறோம். நாம் ஈண்டுப் பேசப்புகுவது அந்த அணிமணியைப் பற்றியன்று. இராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் கடலடியில் பாறை பாறையாக வளரும் பவளத்தையும், அதனைக் கண்ணாடித் தொட்டியில் உயிரோடு வைத்திருக்க மனிதன் பட்ட பாட்டையும் பற்றியது இவ்வுரை.

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர் பலர் மாலைப் பொழுதில் சங்குமுகக் கரைக்குச் செல்வதுண்டு. அங்கு நின்று எண்ணத்தக்க கேள்வி ஒன்று உளது. கன்னியாகுமரிக்குக் கிழக்கே மன்னார் வளைகுடாவில் தீவு தீவாகப் பவளத் திட்டுகள் இருக்க, மேற்கே இக்கரையில் அவை காணப்படாதது ஏன்? இரண்டும் ஒரே வெப்ப மண்டலக் கடலேயன்றோ? விடை நீரில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் கரமனையாறும் நெய்யாறும் நன்னீரையும் சேற்றையும் கொணர்ந்து கொட்டுகின்றன. பேரலைகள் மணலைக் கலக்குகின்றன. ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. உப்பும் ஒளியும் வெப்பமும் ஒருங்கே குறையும் இந்த மாதங்களைப் பவளம் தாங்குவது அரிது. எனினும் விழிஞ்ஞத்துப் பாறைகள் போன்ற ஒதுக்கிடங்களில் சில இனங்கள் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. பழைய திருவிதாங்கூர்க் கரையின் பவளங்களை ஆராய்ந்து எழுதியவருள் சி. எஸ். கோபிநாத பிள்ளை குறிப்பிடத்தக்கவர். நீர் சற்றே மாறினால் பவளம் இல்லை என்பதைக் கடலே நமக்குச் செய்து காட்டும் சோதனை இது.

இதே பாடத்தைத் தொட்டியில் முதலில் கற்றவர் ஓர் இல்லத்தரசி. 1846ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டார்க்கி நகரக் கரையில் அன்னா தின் அம்மையார் சில கல்பவளங்களை எடுத்து, இலண்டனிலுள்ள தம் இல்லத்திற்குக் கொண்டு சென்றார். கடல் நீரை இலண்டனுக்கு வருவிப்பது எளிதன்று. ஆகவே இருந்த நீரையே கெடாமல் காக்க வேண்டியதாயிற்று. திறந்த சாளரத்தின் எதிரே அந்நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்கு நாள்தோறும் நெடுநேரம் ஆற்றச் செய்தார். நம் வீட்டுப் பெண்டிர் காப்பியை ஆற்றுவது போல என்று எண்ணிக்கொள்ளலாம். இம்முறையால் நீரில் காற்று கலந்தது; பவளம் பிழைத்தது. அடுத்த ஆண்டில் கடற்பாசியையும் அதனுடன் இட்டார். இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சிச்சாலை திறக்கப்பெற்ற 1853ஆம் ஆண்டிற்கு முன்னரே நிகழ்ந்தது இது. மீன்தொட்டியின் வரலாற்றை எழுதுவோர் ஆடவர் சிலரின் பெயரோடு தொடங்குவது வழக்கம். நம் கருத்தில் முதலிடம் இவ்வம்மையாருக்கே உரியது.

ஆயினும் அவர் வளர்த்தது குளிர்கடல் பவளம். அதற்கு ஒளி தேவையில்லை. திட்டுகளை எழுப்பும் வெப்பக்கடல் பவளமோ வேறு இயல்பினது. 1928-29ஆம் ஆண்டுகளில் மாரிஸ் யங் என்பாரின் தலைமையில் ஆஸ்திரேலியப் பெருந்திட்டிற்குச் சென்ற அறிஞர் குழு ஓராண்டுக் காலம் ஒரு சிறு தீவில் தங்கி ஆராய்ந்தது. பவளப் பூச்சியின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்தி. அவற்றிற்கும் பவளத்திற்கும் உள்ள கொடுக்கல் வாங்கலை விளக்க அக்குழுவின் ஆய்வுகள் பெரிதும் உதவின. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இந்நுண்பாசியின் மேலைப் பெயர் பெருந்தொல்லை தருவது. உறைபாசி என்று வைத்துக்கொள்வோம். ஒளியைக் கொண்டு உறைபாசி உணவு சமைக்கிறது. சமைத்ததில் பெரும்பகுதியைப் பவளத்திற்கு அளிக்கிறது. ஆகவே நீர் தூயதாக இருந்தால் மட்டும் போதாது, ஒளி ஊடுருவும் தெளிவும் வேண்டும்.

நம் நாட்டில் சென்னைக் கடற்கரையில் 1909ஆம் ஆண்டிலேயே மீன்காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பெற்றது. அதனைத் திட்டமிட்ட எட்கர் தர்ஸ்டன் என்பவரே இராமேசுவரக் கடலின் உயிர்களைப் பற்றி நூல் எழுதியவர். இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் அச்சாலை மூடப்பட்டது. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் 1938இல் கடலுயிரியலுக்கும் மீன்வளத்திற்கும் ஒரு துறையைத் திருவனந்தபுரத்தில் நிறுவியது. 1947இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பின்னர் விழிஞ்ஞத்தில் தன் கிளையோடு சாகரிகா என்னும் காட்சிச்சாலையையும் அமைத்தது.

உயிர்ப்பவளத்தைத் தொட்டியில் நெடுநாள் வளர்த்துக் காட்டிய பெருமை, 1956இல் நியூ கலிடோனியாவின் நூமியா நகரில் திறக்கப்பெற்ற ரெனே கத்தாலாவின் காட்சிச்சாலைக்கு உண்டு. அங்குக் கடல் நீர் ஓயாமல் உள்ளே வந்து வெளியே சென்றது. கடலே பக்கத்தில் இருப்போருக்கு அது இயலும். ஊர் நடுவில் இருப்போர் என் செய்வது? ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961இல் ஒரு வழி கூறினார். கடலிலிருந்து எடுத்த உயிர்கள் படிந்த கற்களைத் தொட்டியில் இட்டு, சிறிது காற்றைக் குமிழியிடச் செய்தார், அவ்வளவே. அக்கற்களின் மேலும் துளைகளிலும் வாழும் நுண்ணுயிர்கள், கழிவில் தோன்றும் அம்மோனியா நஞ்சை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. நீரைக் காப்பது வடிகட்டும் துணியன்று, கண்ணுக்குத் தெரியாத இந்தக் குடிகளே என்பது மெல்ல விளங்கிற்று.

இனி வருவது சுண்ணாம்பின் கதை. நம்மவர் நன்கு அறிந்த பொருள் இது. கேரளத்தில் வேம்பநாட்டுக் காயலின் சிப்பியைச் சுட்டு நீற்றினர். மன்னார் வளைகுடாக் கரையிலோ பவளக் கல்லையே வெட்டியெடுத்துச் சூளையில் இட்டனர். வீட்டுச் சுவரும் வெற்றிலைச் செல்லமும் அதனால் வெளுத்தன. அங்கிருந்த 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் நீரில் அமிழ்ந்து போனதற்கு இவ்வாறு கல் எடுத்ததும் ஒரு காரணம் என்பர்.

பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டுவது நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டே. கடல் நீர் ஒரு லிட்டரில் கால்சியம் ஏறத்தாழ 420 மில்லிகிராம் உண்டு. பரந்த கடலில் அது தீராது. தொட்டியிலோ வளரும் பவளமே அதனைத் தின்று தீர்த்துவிடும். ஜெர்மன் மொழியில் நூல்கள் எழுதிய பீட்டர் வில்கென்ஸ் 1970களில் பரப்பிய மருந்து யாதெனில், தெளிந்த சுண்ணாம்பு நீரே. நீற்றிய சுண்ணாம்பைக் கலக்கி, அடிமண்டி படியவிட்டு, மேல்தெளிவைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விட வேண்டும். விரைந்து ஊற்றினால் காரம் ஏறி, நீர் பால் போல் வெளுத்து, உயிர்கள் மடியும். பாசிகள் உறங்கும் இரவில் நீரின் காரம் தாழ்வதால் அவ்வேளையில் விடுவது நன்று. எலும்பு உருவாவதைத் தடுக்கும் பாஸ்பேட்டையும் இச்சுண்ணாம்பு ஓரளவு படியவைத்துவிடும். பவளத்தைச் சுட்டு எடுத்த பொருள், நூற்றாண்டுகள் கழித்துப் பவளத்திற்கே உணவாகத் திரும்பிய விந்தையை என்னென்பது!

மற்றவை சிறு செய்திகள். ஆயினும் தொட்டிகள் அழிவது பெரும்பாலும் இவற்றாலேயே. ஆயிரம் பங்கு கடல் நீரில் உப்பு ஏறத்தாழ 35 பங்கு. நீர் ஆவியாகும்போது உப்பு உடன் செல்வதில்லை. ஆகவே குறைந்த அளவை நன்னீரால் நிரப்ப வேண்டுமேயன்றிக் கடல் நீரால் அன்று. குழாய் நீரில் குளோரின் இருக்கும். மீனின் நோய்க்கு இடும் செப்பு மருந்து பவளத்திற்கு நஞ்சு.

வெப்பமோ சிறு செய்தியன்று. தொட்டியில் 25, 26 பாகையில் நிறுத்திவைக்கக் கருவி உண்டு. கடலுக்கு அவ்வாறு ஒன்றுமில்லை. வழக்கமான கோடை உச்சத்தினும் ஓரிரு பாகை கூடிச் சில வாரங்கள் நீடித்தால், பவளம் தன் உறைபாசியை வெளியேற்றி வெளுத்துப்போகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016ஆம் ஆண்டுகளில் இது பெருமளவில் நேர்ந்தது. 1986இல் அக்கடற்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றதும், 2001இல் திட்டுக்கட்டும் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பெற்றதும் கல் வெட்டும் கையைத் தடுக்க வல்லன. வெந்நீரைத் தடுக்க வல்லன அல்ல. சட்டத்தின் பின்னர் நம் கடற்பவளத்தை எடுத்து வீட்டுத் தொட்டியில் வைப்பதும் குற்றமாயிற்று.

தூத்துக்குடி ஆராய்ச்சியாளர் இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் பவளத் துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளில் கட்டிக் கடலடியில் நட்டு வருகின்றனர். நடுமுன் நீரின் வெப்பம், உப்பு, கலங்கல் ஆகியவற்றை அளந்து பார்க்கின்றனர். கோடை மாதங்களில் நடுவதைத் தவிர்க்கின்றனர்.